ஸ்கேனுக்கு நோபல்: ராமச்சந்திரனை விட்டுவிட்டுப் பட்டியல் போடுகிறவர்களுக்கு

பேரூர்க்காரன்:
நேற்று இங்கே டார்க்ரூம் ஐயா ஒரு பட்டியல் போட்டிருந்தார். எக்ஸ்ரே ஆராய்ச்சியிலும் கதிர்வீச்சு மருத்துவத்திலும் பெயர் வாங்கிய விஞ்ஞானிகள் என்று தலைப்பு. 1901இல் ராண்ட்ஜன், 1903இலும் 1911இலும் மேரி கியூரி, 1914இல் லாவே, 1915இல் பிராக் அப்பாவும் மகனும், 1946இல் முல்லர், 1979இல் கார்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும். அதுவரைக்கும் சரி. கடைசி வரிதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது: "இந்த வரிசையில் நம் ஆள் ஒருவர்கூட இல்லை. நமக்கு மெஷினை வாங்கி வைத்துக் காசு பார்க்கத்தான் தெரியும்."

ஏனுங்க, ஜி. என். ராமச்சந்திரன் என்று ஒருவர் இருந்தது தெரியாதா? திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். பெங்களூரில் சி. வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். 1952இல், முப்பது வயதுக்குள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். 1954இல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, கொலாஜன் என்ற புரதம் மூன்று இழையாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று எக்ஸ்ரே படத்தை வைத்துச் சொன்னார். நம் தோலும் எலும்பும் பிரிந்து விழாமல் இருப்பதே அந்தப் புரதத்தால்தான்.

அதுகூட இருக்கட்டும். கார்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979இல் நோபல் வாங்கிய சி.டி. ஸ்கேனுக்கு வருகிறேன். 1971 செப்டம்பரில் அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே படங்களிலிருந்து உள்ளே இருப்பதை எப்படித் திரும்ப உருவாக்குவது என்பதுதான் அந்தக் கட்டுரை. லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் மெஷினில் முதல் நோயாளி படுத்தது 1971 அக்டோபர் 1ஆம் தேதி. செப்டம்பர் முந்தியா, அக்டோபர் முந்தியா? காலண்டர் பார்க்கத் தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும்.

டார்க்ரூம்:
தம்பிக்கு வணக்கம். நான் போட்டது நோபல் வாங்கியவர்களின் பட்டியல். வாங்காதவரை வாங்கினார் என்று எழுதச் சொல்கிறீர்களா? ஈரோட்டில் எக்ஸ்ரே ஃபிலிம் கழுவும் டெவலப்பரிலும் ஹைப்போவிலும் கையை நனைத்தே காலம் போனவன் நான். ஃபிலிமைத் தொட்டிக்குள் விட்டுவிட்டுச் சிவப்பு விளக்கில் காத்துக்கிடந்த பொழப்பு. எக்ஸ்ரே பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

பேரூர்க்காரன்:
தலைப்பில் "பெயர் வாங்கிய" என்றுதான் இருந்தது. நோபல் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். பெயர் வாங்கியதைத்தான் பார்க்க வேண்டும் என்றால் ராமச்சந்திரனுக்கு 1961இல் பட்நாகர் விருது, 1977இல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ, 1999இல் உலகப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசு. உங்கள் பட்டியலில் இருக்கும் லாவேயும் பிராக்குகளும் படிகவியல்காரர்கள்தான், எக்ஸ்ரேயை வைத்துப் படிகத்தின் உள்ளமைப்பைப் பார்த்தவர்கள். அந்தத் துறையின் உச்சப் பரிசை வாங்கியவருக்கு அதே பட்டியலில் ஒரு வரி ஒதுக்கக் கை வரவில்லை.

நான் கேட்டதற்கும் பதில் வரவில்லை. செப்டம்பரா, அக்டோபரா?

பட்டறைக்காரர்:
கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கிறேன். வால்வு பாடி, பம்ப் உறை காஸ்டிங் செய்கிறோம். ஏற்றுமதிக்குப் போகிற காஸ்டிங்கைக் கதிர் விட்டுப் படம், அதாவது ரேடியோகிராஃபி எடுத்து, உள்ளே ப்ளோ ஹோல் என்ற காற்றுக்குழி இல்லை, ஷ்ரிங்கேஜ் என்ற சுருக்கக் குறை இல்லை என்று காட்டினால்தான் பாஸ் ஆகும். அதனால் இந்த விஷயத்தில் பேச எனக்கும் உரிமை இருக்கிறது.

காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு யார் தெரியுமா? டாக்டர் பட்டம் கிடையாது. போர்க்காலத்தில் விமானப்படையில் ரேடார் வேலை பார்த்து, பிறகு டிப்ளமோ முடித்துவிட்டு ஈஎம்ஐ என்ற பிரிட்டிஷ் மின்னணுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். சோதனை மெஷினைக் கையில் கிடைத்ததை வைத்துக் கட்டினார். முதலில் அமெரிசியம் என்ற கதிர் மூலத்தை வைத்து ஒரே ஒரு படம் எடுக்க 9 நாள் ஆனது. அந்தக் கணக்கைப் போட்டு முடிக்கக் கம்ப்யூட்டருக்கு இரண்டரை மணி நேரம். எக்ஸ்ரே ட்யூப் மாட்டி 9 நாளை 9 மணி நேரமாக்கினார். கசாப்புக் கடையில் மாட்டு மூளை வாங்கி வந்து வைத்துப் பார்த்தார். கடைசியில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் ஒரு பெண்ணின் மூளைக்குள் இருந்த கட்டியைத் திறக்காமலே காட்டினார்.

காகிதத்தில் எழுதியவருக்கு மரியாதை உண்டு. ஆனால் மெஷினை ஓட்டிக் காட்டுகிறவன்தான் கண்டுபிடித்தவன். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

பேரூர்க்காரன்:
வாங்க வாங்க. இங்கே ஜி. டி. நாயுடு பற்றிய பழைய விவாத இழையிலும் இப்படித்தான் "எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும்" என்று ஆரம்பித்தீர்கள். எப்படி முடிந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது.

மெஷின் செய்தவன்தான் கண்டுபிடித்தவன் என்றால் 1979இல் கார்மாக்குக்கு எதற்குப் பாதி கொடுத்தார்கள்? அவர் எந்த மருத்துவமனைக்கு மெஷின் விற்றார்? தென்னாப்பிரிக்காவில் கேப்டவுன் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் 1956இல் பகுதி நேர வேலை பார்த்தபோது யோசனை வந்தது. அமெரிக்கா போய் 1963இலும் 1964இலும் இரண்டு கட்டுரை எழுதினார். அவ்வளவுதான். யாரும் சீண்டவில்லை. பனிச்சரிவு ஆராய்ச்சி செய்யும் சுவிட்சர்லாந்து மையம் ஒன்று பிரதி கேட்டு எழுதியதாக அவரே நோபல் உரையில் சொன்னார். அவருக்கு மட்டும் கட்டுரைக்குப் பரிசு கொடுக்கலாம், ராமச்சந்திரனுக்குக் கூடாதா? தோலின் நிறத்தைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்களா?

நோபல் விதிப்படி ஒரு பரிசை மூன்று பேர்வரை பங்கிடலாம். 1979இல் இரண்டே பேர். மூன்றாவது நாற்காலி காலியாகக் கிடந்தது.

பட்டறைக்காரர்:
நாயுடு இழையில் நான் சொன்ன ஒரு சொல்லைக்கூட நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள்தான் பேச்சை மாற்றிக்கொண்டு போனீர்கள்.

சரி, தேதிதான் வேண்டும் என்றால் தேதிக்கே வருகிறேன். ஹவுன்ஸ்ஃபீல்டு பேடண்டுக்கு மனுப் போட்டது 1968. உங்கள் செப்டம்பர் 1971. கார்மாக் 1963. எண்ணிப் பாருங்கள்.

பேரூர்க்காரன்:
பேடண்ட் என்பது மனு. மனுப் போட்டவனெல்லாம் பட்டா வாங்கியவன் ஆகிவிட மாட்டான். அந்தப் பேடண்ட் கைக்கு வந்தது 1972இல். கட்டுரை அச்சில் வந்தது 1971 செப்டம்பர். மனிதருக்கு ஸ்கேன் எடுத்தது அக்டோபர். இந்த வரிசையை மாற்ற உங்களால் முடியாது.

கணக்கு டீச்சர்:
கோபியிலிருந்து எழுதுகிறேன். பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். செப்டம்பர், அக்டோபர் என்று சண்டை போடுகிறீர்கள். அந்தக் கட்டுரைக்குள் என்ன இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் சொல்லவில்லை. ராமச்சந்திரனை மதிக்கிறவள் என்பதால் சொல்கிறேன்.

உடம்புக்குள் ஒரு கதிர் நேர்கோட்டில் போய் வெளியே வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மட்டும்தான் நமக்குத் தெரியும். வழியில் எந்த இடத்தில் எவ்வளவு குறைந்தது என்று தெரியாது. பல கோணங்களில் ஆயிரக்கணக்கான கோடுகளை அளந்துகொண்டு, உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். அளவுகளை வந்த வழியிலேயே திரும்பப் பரப்பினால் படம் கிடைக்கும், ஆனால் மங்கலாகக் கிடைக்கும். ஒரு புள்ளி இருந்த இடத்தைச் சுற்றி நட்சத்திரம்போல் கோடுகள் இழுத்துக்கொண்டு நிற்கும். ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் செய்தது என்னவென்றால், திரும்பப் பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு கோணத்தின் அளவையும் ஒரு குறிப்பிட்ட கணிதச் சார்போடு சேர்த்துக் கூர்மைப்படுத்திவிட்டார்கள். அதுவரை பலரும் அளவுகளை அலைகளாகப் பிரித்துக் கணக்குப் போடும் ஃபூரியே உருமாற்றத்துக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் அந்தச் சுற்றுவழியே வேண்டாம் என்று காட்டினார்கள். கணக்கு வேகமாக முடிந்தது, படமும் துல்லியமாக வந்தது. ஸ்கேன் படம் பற்றிய பாடப்புத்தகங்களில் இன்றைக்கும் அதற்கு ராம்-லாக் வடிகட்டி என்றுதான் பெயர். இரண்டு பேர் பெயரின் முதல் பாதிகளும் அதில் இருக்கின்றன.

இதையும் சொல்ல வேண்டும். கோடுகளின் அளவிலிருந்து உள்ளே இருப்பதை மீட்கலாம் என்ற தேற்றத்தை ஜோஹன் ரேடான் 1917லேயே நிறுவிவிட்டார். கூர்மைப்படுத்தும் இதே வழியை பிரேஸ்வெல், ரிடில் என்ற இரண்டு பேர் வானொலி வானியலுக்காக 1967இல் எழுதினார்கள்.

பேரூர்க்காரன்:
டீச்சர் முதல் பாதியில் என் பக்கம் பேசிவிட்டு இரண்டாம் பாதியில் எதிர்ப்பக்கம் போய்விட்டார். ரேடானுக்கு எக்ஸ்ரேயும் தெரியாது, நோயாளியும் தெரியாது. சுத்தக் கணிதம். அந்த வானியல்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள். ராமச்சந்திரன் கட்டுரையின் தலைப்பிலேயே எக்ஸ்ரே படம் என்று இருக்கிறது. 1971 செப்டம்பர்.

கணக்கு டீச்சர்:
நான் யார் பக்கமும் பேசவில்லை. இருக்கிறதைச் சொன்னேன்.

மூன்றாவது நாற்காலி காலி என்று எழுதினீர்களே, அதற்கும் ஒரு பதில் சொல்லுங்கள். வில்லியம் ஓல்டன்டார்ஃப் என்ற அமெரிக்க நரம்பு மருத்துவர் 1961லேயே இந்த யோசனையைச் செய்து பார்த்து எழுதினார். 1975இல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருதை ஹவுன்ஸ்ஃபீல்டும் அவரும்தான் பகிர்ந்துகொண்டார்கள். நான்கு வருடம் கழித்து நோபலில் அவர் பெயர் இல்லை. அவர் வெள்ளைக்காரர், அமெரிக்கர். நிறம்தான் காரணம் என்றால் அவரை ஏன் விட்டார்கள்?

பேரூர்க்காரன்:
ஒருவருக்கு அநியாயம் நடந்தது என்பதற்காக இன்னொருவருக்கு நடந்தது நியாயம் ஆகிவிடுமா? ஓல்டன்டார்ஃபுக்காக அமெரிக்காவில் யாராவது எழுதட்டும். நான் ராமச்சந்திரனுக்காக எழுதுகிறேன்.

பொள்ளாச்சி இளநி:
நோபல் யாருக்குப் போனால் என்ன? கோவையில் ஓரிடத்தில் எடுத்த ஸ்கேனை எடுத்துக்கொண்டு அடுத்த மருத்துவமனைக்குப் போனால் "இது செல்லாது, இங்கே ஒன்று எடுங்கள்" என்கிறார்கள். என் மாமனாருக்கு அப்படித்தான் இரண்டு தடவை எடுத்தோம். முதல் படத்தை உறையிலிருந்து வெளியே எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. இதைப் பற்றி ஒரு இழை ஆரம்பியுங்கள்.

டார்க்ரூம்:
இளநி தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. தேவையில்லாமல் ஒரு ஸ்கேன் எடுத்தால் காசு போவது ஒரு பக்கம், உடம்பில் ஏறுகிற கதிர்வீச்சு இன்னொரு பக்கம். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேக்கும் ஒரு வயிற்று ஸ்கேனுக்கும் கதிர் அளவில் நூறு மடங்குக்குமேல் வித்தியாசம் இருக்கும். அதை நோயாளிக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

பெயர் வாங்கியவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், பெயர் வாங்காமல் செத்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி எக்ஸ்ரே ட்யூபைத் தன் கையை வைத்தே சோதித்துப் பார்த்தார். கை அழுகியது. வெட்டினார்கள். அடுத்த கையும் போனது. 1904இல் செத்தார். எடிசன் பயந்துபோய் அந்த ஆராய்ச்சியையே விட்டுவிட்டார். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் இப்படி உயிரை விட்டவர்களுக்காக 1936இல் ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். அன்றைக்கே 169 பெயர்கள். டாக்டர், நர்ஸ், டெக்னீஷியன், எல்லோரும் அதில் உண்டு. என்னைக் கேட்டால் முதல் மரியாதை அந்தத் தூணுக்குத்தான். நோபல் குழுவுக்கு டெக்னீஷியன் என்றைக்குக் கண்ணில் பட்டிருக்கிறான்?

பட்டறைக்காரர்:
ஐயா சொல்வது சரிதான். ரேடியோகிராஃபி எடுக்க வருகிற பையன்கள் சட்டையில் கதிர் அளவு காட்டும் பேட்ஜ் குத்திக்கொண்டு, கயிறு கட்டி, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் ஐரிடியம் 192 என்ற கதிர் மூலத்தைத் திறப்பார்கள். 74 நாளில் கதிர்வீச்சு பாதியாகிவிடுகிற மூலம். அதற்கே அவ்வளவு கட்டுப்பாடு.

டார்க்ரூம்:
பட்டறைகளின் கட்டுப்பாடு பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புக் கடையில் என்ன நடந்தது? பல்கலைக்கழகம் ஏலம் விட்ட கருவிக்குள் கோபால்ட் 60 என்ற கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. உடைத்தவர்களில் ஒருவர் செத்தே போனார். பழைய இரும்பை உருக்கித்தானே உங்கள் தொழிலே?

பட்டறைக்காரர்:
ஏலம் விட்டது பல்கலைக்கழகம், படித்தவர்கள். செத்தது இரும்புக்கடைத் தொழிலாளி. இதில் பட்டறைக்காரனைக் கூண்டில் ஏற்றுகிறீர்களே, நியாயமா? எங்கள் சங்கத்தில் எத்தனையோ பேர் கதிர்மீட்டர் வாங்கி வைத்து லாரியையே சோதித்துத்தான் சரக்கு இறக்குகிறோம். இதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

டார்க்ரூம்:
உண்மையைச் சொன்னதற்கு மன்னிப்பு என் வாயிலிருந்து வராது.

பேரூர்க்காரன்:
பழைய இரும்புக்கு எப்படி வந்தோம்? வேண்டுமென்றே திசை திருப்புகிறீர்கள். 1971 செப்டம்பருக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள்.

காங்கயம் அம்மிணி:
முதல் நாளிலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். கதிர்வீச்சு மருத்துவம் என்று தலைப்பில் போட்டுவிட்டு ஒருவர்கூட டாக்டர் சாந்தா பெயரைச் சொல்லவில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரையும் சொல்லவில்லை. எனக்கு ஆறவில்லை.

1954இல் அடையாற்றில் ஒரு சின்ன இடத்தில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார் முத்துலட்சுமி ரெட்டி. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருடம் வந்து சேர்ந்த சாந்தாவும் அந்த வளாகத்தைவிட்டுப் போகவே இல்லை. 1957இல் கனடாவிலிருந்து, புற்றுக்குக் கதிர் கொடுக்கும் கோபால்ட் 60 மெஷின் அங்கே வந்து இறங்கியது. ஆசியாவிலேயே முதல் மெஷின்களில் ஒன்று. கனடாவில் முதல் நோயாளிக்கு கோபால்ட் சிகிச்சை கொடுத்ததே 1951 அக்டோபரில்தான். ஆறு வருடத்துக்குள் நம் ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சாந்தாவுக்கு 2005இல் மகசேசே, 2016இல் பத்ம விபூஷண். இவை கௌரவம் இல்லையா?

என் அமுச்சிக்கு, அம்மாவைப் பெற்றவருக்கு, கர்ப்பப்பையில் புற்று. ஈரோட்டில் ரயில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். கையில் பணம் இல்லை. மெஷினுக்குக் கீழே படுக்கவைத்துக் கதிர் கொடுத்தார்கள், குணமாகித் திரும்பி வந்து, பேரன் பேத்தி கல்யாணம் வரைக்கும் இருந்தது. ஊரில் அந்தக் காலத்தில் அந்த நோயைப் பெயர் சொல்லிக்கூடப் பேச மாட்டார்கள், தீட்டுப்போல் ஒதுங்குவார்கள். அதையெல்லாம் எதிர்த்துச் சிகிச்சை கொடுத்தவர்களை நீங்கள் விஞ்ஞானிகளின் பட்டியலில் சேர்க்க மாட்டீர்கள். இரண்டு மாதத்தில் எது முந்தி என்று மட்டும் பேசுவீர்கள்.

பேரூர்க்காரன்:
அம்மிணி, உங்கள் அமுச்சி குணமானது சந்தோஷம். சாந்தா அம்மா பெரியவர், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவர் செய்தது சிகிச்சை. இங்கே பேச்சு கண்டுபிடிப்பு பற்றி. இரண்டையும் கலக்க வேண்டாம். கலந்தால் செப்டம்பர் கேள்வி அடிபட்டுப்போகும்.

காங்கயம் அம்மிணி:
பேச்சு எதைப் பற்றி என்று முடிவு செய்ய நீங்கள் யார்? ஐயாவின் தலைப்பில் கதிர்வீச்சு மருத்துவம் என்று இருந்ததை நீங்களே முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். ராமச்சந்திரனுக்காக வாதாடும்போது தலைப்பைப் பிடித்துத் தொங்கினீர்கள். எங்கள் ஆள் என்று வரும்போது தலைப்பு மறந்துவிடுகிறது.

பொள்ளாச்சி இளநி:
அம்மிணி கேட்பது நியாயம். ஆனால் அடையாற்றைப் பற்றி மட்டும் ஏன்? கோயமுத்தூரிலும் கதிர்வீச்சுச் சிகிச்சை எவ்வளவோ காலமாக நடக்கிறது. எதற்கெடுத்தாலும் மெட்ராஸ்தானா?

காங்கயம் அம்மிணி:
1957இல் கோயமுத்தூரில் எத்தனை கோபால்ட் மெஷின் இருந்தது, சொல்லுங்கள் பார்க்கலாம். இருந்திருந்தால் அமுச்சியை எதற்கு ராத்திரி முழுக்க ரயிலில் கொண்டுபோகிறோம்?

பொள்ளாச்சி இளநி:
நான் இன்றைய நிலையைச் சொன்னேன்.

கணக்கு டீச்சர்:
பேரூர்க்காரருக்கு ஒரே கேள்வி. முந்தியவருக்குத்தான் பரிசு என்பது உங்கள் கட்சி. அப்படியானால் 1917, 1961, 1963, 1967 நான்கும் 1971க்கு முந்தியவை. மெஷினுக்குத்தான் பரிசு என்றால் ராமச்சந்திரன் மெஷின் செய்யவில்லை. மெஷினுக்குள் கடைசியில் ஓடிய கணக்குக்குத்தான் பரிசு என்றால் மட்டுமே அவருக்கு இடம் வருகிறது. ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் மெஷினில் அந்தக் கணக்கு இல்லை. அவர் வேறு வழியில், திரும்பத் திரும்பத் தோராயமாகத் திருத்திக்கொண்டே போகும் முறையில் போட்டார். அடுத்தடுத்த வருடங்களில் வந்த மெஷின்களில்தான் ராமச்சந்திரன் வழி இடம் பிடித்தது. இந்த வாதத்தை வையுங்கள், நானே உங்களோடு நிற்கிறேன். செப்டம்பரை விட்டுவிடுங்கள்.

பேரூர்க்காரன்:
செப்டம்பரை ஏன் விட வேண்டும்? அச்சில் இருக்கிற தேதி. பரிசுக் குழுவின் ஆவணங்களை ஐம்பது வருடம் பூட்டி வைத்திருக்கிறார்கள். 1979ஆம் வருடக் கோப்பு 2030க்கு முன்னால் வெளியே வராது. யார் பரிந்துரைத்தார்கள், யார் தட்டிவிட்டார்கள் என்று அன்றைக்குத் தெரியும். அதுவரை என் கையில் இருக்கிற ஆதாரம் அந்தத் தேதிதான். டீச்சர் சொல்லித் தரும் வாதம் எனக்குத் தேவையில்லை, என் வாதம் எனக்கு இருக்கிறது.

கணக்கு டீச்சர்:
உதவிக்கு வந்தவளுக்கு இதுதான் மரியாதையா? நல்லது.

பட்டறைக்காரர்:
இதைப் பார்க்கும்போது ஜெர்மன் இயற்பியலாளர் ஃபிலிப் லெனார்டு ஞாபகம்தான் வருகிறது. அவரும் இப்படித்தான் "நான்தான் முந்தி" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ராண்ட்ஜன் பயன்படுத்திய ட்யூப்களில் ஒன்று லெனார்டு வடிவமைத்தது. அதை வைத்துக்கொண்டு எக்ஸ்ரேக்குத் தாய் நான்தான் என்றார். 1905இல் அவருக்கும் தனியாக நோபல் கிடைத்தது, அப்போதும் ஆறவில்லை. ராண்ட்ஜன் பெயரை வாயால் சொல்லவே மாட்டார். ட்யூப் எல்லோரிடமும்தான் இருந்தது. 1895 நவம்பர் 8ஆம் தேதி வூர்ட்ஸ்பர்கில் அந்த ஒளிரும் திரையைப் பார்த்துவிட்டு, வாரக்கணக்கில் ஆய்வுக்கூடத்தைவிட்டு வெளியே வராமல் அது என்ன என்று தோண்டித் துருவியவர் ராண்ட்ஜன் ஒருவர்தான். பேடண்ட் எடுக்கவில்லை, பரிசுப் பணத்தையும் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். வேலையை முடித்தவன் அப்படி இருப்பான். முடிக்காதவன் தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

பேரூர்க்காரன்:
நிறுத்துங்க. லெனார்டு ஹிட்லருக்குக் கொடி பிடித்தவர். ஐன்ஸ்டைனை யூதர் என்பதற்காகத் திட்டிப் புத்தகம் போட்டவர். அந்த ஆளோடு என்னை ஒப்பிடுகிறீர்களா? இல்லை, ராமச்சந்திரனை ஒப்பிடுகிறீர்களா? ராமச்சந்திரன் எனக்கு நோபல் கொடு என்று யாரிடமும் போய் நிற்கவில்லை. அவருக்காகக் கேட்பது நாங்கள். இதை உடனே அழிக்க வேண்டும். நெறியாளர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்?

நெறியாளர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். பழைய இழைகளின் சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம்.

பட்டறைக்காரர்:
நான் ஒப்பிட்டது முந்தி, பிந்தி என்ற பிடிவாதத்தை மட்டும். ஹிட்லரை இங்கே இழுத்தது நீங்கள். ஒரு எழுத்தைக்கூட அழிக்க மாட்டேன். நாயுடு இழையில் என்னை "இரும்பு விற்கிறவனுக்கு அறிவியல் எதற்கு" என்று கேட்டீர்களே, அதை இன்றுவரை அழித்தீர்களா?

பேரூர்க்காரன்:
அப்படி நான் கேட்கவில்லை. "விற்பது வேறு, அறிவியல் வேறு" என்றுதான் எழுதினேன்.

டார்க்ரூம்:
இரண்டும் ஒன்றுதான் தம்பி. நானும் படித்தேன். படித்தவர்களுக்குக் கையால் வேலை செய்கிறவன் என்றால் இளக்காரம். என் பட்டியலின் கடைசி வரியை இப்போதும் மாற்றப் போவதில்லை.

பேரூர்க்காரன்:
மாற்றாதீர்கள். நான் தனிப் பட்டியல் போடுகிறேன். முதல் பெயர் ராமச்சந்திரன், இரண்டாவது லட்சுமிநாராயணன், பக்கத்தில் தடித்த எழுத்தில் 1971 செப்டம்பர்.

காங்கயம் அம்மிணி:
அந்தப் பட்டியலிலாவது சாந்தா அம்மா இருப்பாரா, மாட்டாரா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பேரூர்க்காரன்:
அது வேறு தலைப்பு என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பட்டறைக்காரர் முதலில் நாயுடு இழையில் நான் எழுதியதை எழுத்துப் பிசகாமல் இங்கே எடுத்துப் போடட்டும். இரண்டு பேர் சேர்ந்துகொண்டு நான் சொல்லாததைச் சொன்னதாக்குகிறார்கள்.

பட்டறைக்காரர்:
ராத்திரி ஷிப்ட் முடியட்டும், எடுத்துப் போடுகிறேன். எங்கேயும் போய்விடாதீர்கள்.